பையர் ஆபீஸ் ஆட்கள் குழந்தைகள் மையத்துக்கு வரும்போது: திருப்பூர்க் கம்பெனிகளுக்கும் ட்ரஸ்ட்டுகளுக்கும்

பிரிட்டனிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ பையர் ஆபீஸ் குழு ஒன்று, அதாவது நம்ம கம்பெனிகளிடம் துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் ஆட்கள், திருப்பூர் வருகிறார்கள். ஃபேக்டரி விசிட், சாம்பிள் ரிவ்யூ எல்லாம் போக ஒன்றிரண்டு நாள் உள்ளூர்க் குழந்தைகளுக்காக வேலை செய்ய வேண்டும் என்று அவர்களுடைய தலைமை அலுவலகம் கேட்கிறது. கம்பெனியின் ஹெச்.ஆர். ஆளோ கம்ப்ளையன்ஸ் மேனேஜரோ தெரிந்த ட்ரஸ்ட்டுக்குப் போன் போடுகிறார். அந்தப் பக்கம் "வாங்க, ரொம்ப சந்தோசங்க" என்கிறார்கள். பெரும்பாலான தப்புகள் இந்த இரண்டு நிமிடப் பேச்சிலேயே தொடங்கிவிடுகின்றன. காரணம், ட்ரஸ்ட்காரர் "வேண்டாம்" என்று சொல்லும் இடத்தில் இல்லை. நாளைக்கு அவருக்கு நன்கொடை வேண்டும், கம்பெனியைப் பகைத்துக்கொள்ள முடியாது.

பிறகு நடப்பது ஊரறிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே குழந்தைகளை யூனிஃபார்மில் உட்கார வைப்பார்கள். வேன் இரண்டு மணி நேரம் தாமதமாக வரும். வரவேற்புப் பாட்டு, கேக், பை விநியோகம், போட்டோ. நான்கு மணிக்கு வேன் கிளம்பிவிடும். டீச்சருக்கு மூன்று நாள் வேலை கெட்டது, குழந்தைக்கு அப்பா அம்மா வீட்டில் இருக்கும் ஒரே நாள் போனது.

இதை நன்றாகவும் செய்யலாம். இங்கே சொல்வது முக்கியமாக லைன் வீடுகள் (வரிசையாகக் கட்டிய சின்ன வாடகை வீடுகள்) இருக்கும் பகுதிகளில், வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்காக ட்ரஸ்ட்டுகள் நடத்தும் மாலை நேரப் படிப்பு மையங்களைப் பற்றி. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகளும் தேனி, ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து உட்காரும் இடங்கள் அவை. கரூர், ஈரோடு, பெருந்துறை, கோவைக் கம்பெனிகளுக்கும் இதே முறை பொருந்தும். குழந்தைகள் தங்கியிருக்கும் இல்லங்களுக்கு மட்டும் இப்படிப்பட்ட ஒருநாள் குழுவை அழைத்துப் போகாதீர்கள். பெற்றோரைப் பிரிந்திருக்கும் பிள்ளையிடம் புது முகம் ஒன்று வந்து நெருங்கிப் பழகிவிட்டு மறுநாள் காணாமல் போவது அந்தப் பிள்ளைக்குக் கெடுதல். இல்லம் ஒன்றுக்கு உதவத்தான் வேண்டும் என்றால், முதலில் அது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவானதா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டுக்கொண்டு, பணமாகவோ கட்டட வேலையாகவோ உதவுங்கள்.

முதல் போன்: என்ன கேட்பது

"எங்க ஆளுங்க வர்றாங்க, என்ன செய்யலாம்?" என்று ஆரம்பிக்காதீர்கள். "இந்த வருசம் உங்க மையத்துல எது நின்னுபோய்க் கிடக்குது?" என்று ஆரம்பியுங்கள். பதிலாக வருவது பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்களாக இருக்கும்: டீச்சர் சம்பளம் இரண்டு மாதம் பாக்கி, மழை வந்தால் சுவரில் ஓதம், பள்ளியில் சேராத ஒன்பது பிள்ளைகளுக்கு அலைய ஆள் இல்லை. இதில் எதை வெளிநாட்டுக் குழு கையால் செய்ய முடியும், எதற்குப் பணம் மட்டும் போதும், எதில் உங்கள் கம்பெனி ஆளே உதவலாம் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வகைதான் அதிகம் இருக்கும், அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

உதாரணத்துக்குப் பள்ளிச் சேர்க்கை. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்றோ வயதுச் சான்று இல்லை என்றோ ஒரு குழந்தையைத் திருப்பி அனுப்பக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சட்டம் இப்படிச் சொல்கிறது. ஆனால் ஒடியா மட்டும் தெரிந்த அம்மா தலைமையாசிரியர் முன்னால் போய் இதைப் பேச முடியாது. உங்கள் ஹெச்.ஆர். பிரிவில் தொழிலாளர்களோடு பேச வைத்திருக்கும் இந்தி, ஒடியா தெரிந்த பையன் ஜூன் மாதத்தில் நான்கு அரைநாள் அந்த அம்மாக்களோடு பள்ளிக்குப் போனால், பையர் குழுவின் ஒரு நாளைவிட அதிகப் பலன் கிடைக்கும். பையர் வருகையை இதற்குச் சாக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரஸ்ட்டுக்கு "வேண்டாம்" என்று சொல்லும் உரிமையை எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள். ஒரு பக்கம் போதும். என்ன வேலை, எத்தனை பேர், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, செலவு யாருடையது என்பதோடு, ட்ரஸ்ட் எந்த நேரத்திலும் நிறுத்தச் சொல்லலாம், அதனால் நன்கொடை பாதிக்கப்படாது என்று ஒரு வரி. இந்த ஒரு வரி இருந்தால் டீச்சர்கள் வாய் திறந்து பேசுவார்கள்.

வருகைக்கு ஆகும் செலவும் அந்தத் தாளில் வர வேண்டும்: டீச்சர்களின் கூடுதல் நேரம், துப்புரவு, குடிநீர்க் கேன், டீ, பலகாரம், ஆட்டோ. விருந்தாளி வந்த செலவை ட்ரஸ்ட் தன் படிப்புக் கணக்கிலிருந்து எடுக்கும்படி விடுவது அநியாயம்.

மாதமும் கிழமையும்

குழுவின் விமான டிக்கெட் போடுவதற்கு முன்பே தேதி பேச வேண்டும். ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு. மே மாதம் மையமே பாதி காலி, குடும்பங்கள் ஊருக்குப் போயிருக்கும். செப்டம்பர் கடைசியில் காலாண்டு, டிசம்பர் நடுவில் அரையாண்டு. தீபாவளிக்கு முன் இரண்டு வாரம் கம்பெனிகளில் ஷிப்மென்ட் நெருக்கடி, அதன்பின் சத் பூஜைக்குப் பீகார்க் குடும்பங்கள் கிளம்பிவிடும். அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழையில் சுவர் வேலை எதுவும் வைக்கக் கூடாது. மிச்சம் இருப்பதில் ஜூலை, ஆகஸ்ட் நல்லது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வெயில் உறைக்காது, பிள்ளைகளும் புது வகுப்பில் நிலைத்திருப்பார்கள். பொங்கல் முடிந்து ஜனவரி கடைசி முதல் பிப்ரவரி வரையும் சரி. ஊர் மாரியம்மன் நோம்பி (திருவிழா) எந்த வாரம் என்று மட்டும் டீச்சரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிழமை விஷயத்தில் ஞாயிறு வேண்டாம். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிறு துணி துவைத்து, சந்தைக்குப் போய், கறி எடுத்து, பிள்ளைகளோடு இருக்கும் நாள் அது. ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற தாய் மற்ற நாட்களில் வீடு திரும்ப எட்டு மணிக்கு மேல் ஆகிறது. எங்கள் பரிந்துரை இதுதான்: கைவேலையை வெள்ளிக்கிழமை பகலில், பிள்ளைகள் பள்ளியில் இருக்கும்போது வையுங்கள். பிள்ளைகளோடு இருக்கும் நேரத்தை அன்று மாலையோ சனிக்கிழமையோ, மையம் வழக்கமாகத் திறந்திருக்கும் நேரத்துக்குள் வையுங்கள். மையம் ஐந்தரைக்குத் திறக்கிறது என்றால் ஐந்தரை. குழுவுக்காகப் பள்ளிக்கு லீவு போட வைப்பது கூடவே கூடாது.

பணம்: இங்கேதான் ட்ரஸ்ட்டுகள் மாட்டிக்கொள்கின்றன

2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தை எஃப்.சி.ஆர்.ஏ. என்றே எல்லோரும் சொல்கிறோம். அதில் பதிவோ முன் அனுமதியோ இல்லாத ட்ரஸ்ட் வெளிநாட்டவரிடமிருந்து பணமோ பொருளோ வாங்க முடியாது. இது எவ்வளவு தூரம் நீளுகிறது என்று பலருக்குத் தெரிவதில்லை.

வந்திருக்கும் வெளிநாட்டவர் ஒருவர் தன் பர்ஸிலிருந்து இரண்டாயிரம் ரூபாயை டீச்சர் கையில் கொடுத்தால், அது நம்ம ஊர் நோட்டாகவே இருந்தாலும் வெளிநாட்டுப் பங்களிப்புதான். அவர் காதர்பேட்டைக் கடையில் நாற்பது ஸ்கூல் பை வாங்கி ட்ரஸ்ட்டுக்குக் கொடுத்தால் அதுவும் அப்படியே. "நீங்க கம்பெனிக்கு அனுப்புங்க, கம்பெனி ட்ரஸ்ட்டுக்குக் கொடுக்கட்டும்" என்கிற வழியும் அடைபட்டதுதான். எத்தனை கை மாறி வந்தாலும் மூலம் வெளிநாடு என்றால் சட்டம் அதை வெளிநாட்டுப் பங்களிப்பாகவே பார்க்கிறது. ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கான அட்டை) வைத்திருப்பவர் வெளிநாட்டுக் குடிமகன், அவர் கொடுப்பதும் இதில் சேரும். இந்திய பாஸ்போர்ட்டோடு லண்டனில் வேலை செய்யும் நம்ம ஊர்க்காரர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை முறையான வங்கி வழியில் அனுப்பினால் சேராது.

பதிவு உள்ள ட்ரஸ்ட் என்றால், 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் வந்து விழ வேண்டிய ஒரே இடம் ஸ்டேட் பாங்கின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் அந்த ட்ரஸ்ட் வைத்திருக்கும் எஃப்.சி.ஆர்.ஏ. கணக்கு. வந்த பணத்தை வேறு ட்ரஸ்ட்டுக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவு இருபது சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பொருளாக வந்தாலும் கணக்கில் ஏற்ற வேண்டும். பதிவுச் சான்று ஐந்து வருடத்துக்குத்தான். அது இன்றைக்கு உயிரோடு இருக்கிறதா என்று பிரதியை வாங்கித் தேதி பாருங்கள். "எங்களுக்கு இருக்குதுங்க" என்ற வாய்வார்த்தை போதாது.

பையருக்கு பெங்களூரிலோ திருப்பூரிலோ ஆபீஸ் இருந்தால் அது எந்த வகை என்று கேளுங்கள். இந்தியாவில் பதிவான துணைக் கம்பெனி, அந்நிய முதலீட்டு வரம்புக்குள் இருப்பது என்றால், 2016இல் வந்த திருத்தத்தின் பலனாக அதன் நன்கொடை உள்நாட்டுப் பணமாகக் கணக்காகும் வாய்ப்பு உண்டு. லையசன் ஆபீஸ் (தொடர்பு அலுவலகம்) என்றால் அது வெளிநாட்டுக் கம்பெனியேதான். இரண்டையும் ட்ரஸ்ட்டின் ஆடிட்டர் கையெழுத்தோடு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எஃப்.சி.ஆர்.ஏ. இல்லாத சின்ன ட்ரஸ்ட்டைக் கைவிட வேண்டியதில்லை. வெளிநாட்டுக் குழு உழைப்பைத் தரட்டும், பெயிண்ட், துணி, டீச்சர் சம்பளம் எல்லாம் உங்கள் கம்பெனியின் சொந்தப் பணத்தில் வரட்டும். நிகர லாபம் ஐந்து கோடியோ, விற்றுமுதல் ஆயிரம் கோடியோ, நிகர மதிப்பு ஐந்நூறு கோடியோ தொட்ட கம்பெனிக்கு 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவுப்படி சராசரி லாபத்தில் இரண்டு சதவீத சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்புச் செலவு) கடமை இருக்கிறது. அந்தப் பணத்தை ட்ரஸ்ட் வழியாகச் செலவழிக்க, ட்ரஸ்ட்டுக்கு சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண் வேண்டும். உங்கள் ஊழியர்கள் மையத்தில் செலவிட்ட நேரத்துக்கு ரூபாய் மதிப்புப் போட்டு சி.எஸ்.ஆர். கணக்கில் காட்ட முடியாது. கம்பெனி விவகார அமைச்சகம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. அந்த அளவுக்கு இல்லாத சின்ன யூனிட்கள் சாதாரண நன்கொடையாகக் கொடுக்கலாம், செக்காக அல்லது ஆன்லைனில்.

விசாவும் போலீஸ் சான்றும்

இ-டூரிஸ்ட் விசாவில் ஒரு மாதத்துக்கு மிகாமல், எந்தப் பணமும் வாங்காமல் தன்னார்வ வேலை செய்யலாம். ஆனால் பையர் ஆட்கள் பெரும்பாலும் பிசினஸ் விசாவில் வருகிறார்கள், அதில் அனுமதித்த காரியங்களின் பட்டியலில் இது இல்லை. எனவே அவர்கள் நாட்டு இந்தியத் தூதரகத்தில் எழுத்தில் கேட்டுப் பதிலைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். யாரையாவது ட்ரஸ்ட் விருந்தினர் அறையில் தங்க வைத்தால், வெளிநாட்டவர் தங்கும் விவரத்தை (சி படிவம் என்று சொல்லிவந்தது) 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் ஏற்ற வேண்டும். ஹோட்டலில் தங்கினால் ஹோட்டல்காரர் பார்த்துக்கொள்வார், இதற்காகவே ஹோட்டல் மேல்.

குழந்தைகளோடு உட்காரப் போகும் ஒவ்வொருவரும் சொந்த நாட்டுக் காவல்துறைச் சான்று தர வேண்டும். பிரிட்டன்காரர்களுக்கு அக்ரோ என்ற அமைப்பு வெளிநாட்டில் குழந்தைகளோடு வேலை செய்வோருக்கென்றே தனிச் சான்றிதழ் தருகிறது. ஜெர்மனியில் இதே காரியத்துக்கு விரிவான நடத்தைச் சான்று ஒன்று இருக்கிறது. ஆறு வாரம் முன்னாடியே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். சான்று வராதவர் பெயிண்ட் அடிக்கலாம், துணி மடிக்கலாம், பிள்ளைகள் வரும்முன் கிளம்பிவிட வேண்டும். அவர் பையரின் டைரக்டராக இருந்தாலும் இதே சட்டம். உங்கள் கம்பெனியிலிருந்து கூடப் போகிறவர்களுக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு வேண்டும். வெளிநாட்டவருக்கு மட்டும் கேட்டால் அவர்கள் மனம் கோணுவதில் நியாயம் உண்டு.

எந்த வேலை, எவ்வளவு பொருள்

பெயிண்ட் அடிப்பது எல்லோரும் கேட்கிற வேலை. அதை ஒழுங்காகச் செய்தால் பலன் உண்டு. 12க்கு 16 அடி அறை, உயரம் 10 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சுவரும் 560 சதுர அடி. ஒரு கதவு, இரண்டு ஜன்னல் கழித்தால் ஐந்நூறு சொச்சம். இரண்டு கோட் எமல்ஷனுக்கு நான்கு லிட்டர் டப்பா ஒன்றும் ஒரு லிட்டர் டப்பா ஒன்றும், பிரைமர் ஐந்து லிட்டரும் போதும். இந்த அறைக்குள் ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் வேலை செய்ய முடியாது. பன்னிரண்டு பேரையும் ரோலரோடு உள்ளே விட்டால் தரைதான் நிறம் மாறும்.

லைன் வீட்டுச் சுவர்களில் பழைய சுண்ணாம்பு பல அடுக்கு இருக்கும். அதன்மேல் நேராக எமல்ஷன் அடித்தால் ஆறு மாதத்தில் பத்தை பத்தையாக உரிந்து வரும். முதல் நாளே உள்ளூர் பெயிண்டர் ஒருவரைக் கூலிக்கு வைத்துச் சுரண்டி, உப்புத் தாள் போட்டு, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து வைத்துவிட வேண்டும். பிரைமர் காய ஒரு இரவு கொடுங்கள். குழு வந்து அடிப்பது இரண்டு கோட் மட்டும், நடுவில் நான்கு மணி நேர இடைவெளி. கீழ்ச்சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தால் பெயிண்ட் வேலையையே நிறுத்துங்கள். குழாய்க் கசிவையோ வெளிச்சுவரையோ சரி செய்யாமல் அடிக்கும் பெயிண்ட் வீண். டப்பாவில் ஈயம் 90 பி.பி.எம்.முக்குள் என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். 2017 நவம்பரிலிருந்து வீட்டுப் பெயிண்டுக்கு அதுதான் வரம்பு. அன்று மாலை அந்த அறையில் வகுப்பு வேண்டாம், பக்கத்தில் திண்ணையோ மாடியோ பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அறை வாடகைக்கு என்றால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே பேசி, இரண்டு வருடத்துக்கு வாடகை ஏற்றமாட்டேன் என்று எழுதி வாங்குங்கள். பளிச்சென்று ஆன இடத்துக்கு அடுத்த மாதமே ஆயிரம் ரூபாய் கூட்டிக் கேட்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. அப்படி நடந்தால் மையத்தைக் காலி செய்ய வைத்தது நம் பெயிண்ட்தான்.

அறைக்குள் இடம் இல்லாத மற்ற எட்டுப் பேருக்கு வேறு வேலை: புத்தக ஷெல்ஃப் பூட்டுவது, விளக்குகளுக்குப் பல்பு மாற்றுவது, வெளியே சுவரில் 4க்கு 8 அடி கரும்பலகை அடிப்பது. பலகையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து இரண்டடிக்கு மேல் போகக் கூடாது, ஆறு வயசுக் கண்ணு நின்று எழுத வேண்டும்.

துணி வேலை திருப்பூருக்கே உரியது. அறுபது பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு டி-ஷர்ட் என்றால் 120 பீஸ். 160 முதல் 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) சிங்கிள் ஜெர்சி பனியன் துணியில் எட்டு, பத்து வயது அளவுக்குக் கிலோவுக்கு ஆறேழு பீஸ் வரும். கட்டிங் வேஸ்ட், அளவு மாறுபாடு எல்லாம் சேர்த்து இருபது கிலோ எடுத்து வையுங்கள். ஷேடு (நிறம்) மாறியதால் ஒதுக்கிய துணி ரோல் இதற்கு நன்றாகவே ஆகும். பையர் லேபிள், பிரிண்ட் இருக்கும் சர்ப்ளஸை அப்படியே கொடுக்காதீர்கள், ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று பையர் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரிடம் கேளுங்கள். குழுவை ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார வைக்க வேண்டாம். தையல் உங்கள் டைலர்களுடையது, முழுக் கூலியோடு. செக்கிங், நூல் வெட்டுவது, மடிப்பது, ஒவ்வொரு பிள்ளையின் பேருக்கும் பார்சல் போடுவது குழுவுடையது. ஏற்றுமதிச் சரக்குக்குச் செய்வதுபோல இந்த 120 பீஸையும் நீடில் டிடெக்டரில் (ஊசித் துண்டைக் கண்டுபிடிக்கும் மெஷினில்) விட்டுத்தான் பேக் செய்ய வேண்டும். இலவசத் துணி என்பதற்காக உடைந்த ஊசி முனை பிள்ளையைக் குத்தாமல் விடாது.

அளவை வயதை வைத்து ஊகிக்காதீர்கள். டீச்சர் இரண்டு வாரம் முன்பு மார்பளவும் உயரமும் எடுத்து அனுப்ப வேண்டும். நம்ம பிள்ளைகள் பலர் பையர் சைஸ் சார்ட்டில் தங்கள் வயதுக்கு ஒரு சைஸ் கீழே இருப்பார்கள்.

குழந்தைகளோடு ஒன்றரை மணி நேரம்

தமிழும் இந்தியும் தெரியாத ஒருவர் ஒரே மாலையில் எழுத்துச் சொல்லித்தர முடியாது. அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். மொழி அதிகம் தேவைப்படாத, ஆனால் உண்மையாகவே ஏதாவது கற்றுக்கொள்கிற வேலை வேண்டும். எங்களுக்குத் தெரிந்து மிக நன்றாக ஓடுவது இஞ்ச் டேப். கட்டிங் பிரிவில் கிடக்கும் 60 இஞ்ச் டேப்தான், ஒரு பக்கம் இஞ்ச், மறுபக்கம் 150 சென்டிமீட்டர். ஐந்து பிள்ளைக்கு ஒரு டேப், ஒரு விருந்தினர், ஒரு உள்ளூர் ஆள்.

முதல் பத்து நிமிடம் பேர் சொல்லிக்கொள்வது. விருந்தினரை அண்ணா, அக்கா என்று கூப்பிடட்டும், பிள்ளைகளுக்கு அதுதான் வாயில் வரும். அடுத்த அரை மணி நேரம் அளப்பது: கை, சாண், பெஞ்சு, கதவு, விருந்தினரின் காலடி. முதலில் எவ்வளவு இருக்கும் என்று ஊகம் சொல்ல வேண்டும், பிறகு அளந்து இரண்டையும் அட்டையில் எழுத வேண்டும். எண்களைத் தமிழில் ஒரு பிள்ளை, ஒடியாவில் ஒரு பிள்ளை, ஆங்கிலத்தில் விருந்தினர் சொல்வார்கள். எப்போதும் வாய் திறக்காத பீகார்ப் பிள்ளை அன்று விருந்தினருக்கு எண்ணிக்கை சொல்லித்தருகிற இடத்துக்கு வந்துவிடும். அதற்கடுத்து ஒரு அரை மணி நேரம் பெரிய சார்ட்டில் பட்டை வரைபடம் வரைவது, யார் ஊகம் நெருங்கியது என்று பார்ப்பது. கடைசி இருபது நிமிடம் பலகாரம். நாற்பது பிள்ளைகளுக்கு ஒன்றரைக் கிலோ கொண்டைக்கடலை முந்தைய இரவு ஊறப் போட்டால் சுண்டல் தாராளமாக வரும். கேக் வேண்டாம். கடலை மிட்டாய் கொடுப்பதானால் விருந்தினரில் யாருக்காவது நிலக்கடலை ஒவ்வாமை இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள், வெளிநாட்டவரிடையே அது அடிக்கடி காணப்படுவது.

இஞ்ச் டேப்பும் அட்டையும் மையத்திலேயே இருக்கட்டும். மறுவாரம் டீச்சர் அதே கணக்கைத் தொடர்வார்.

மையத்தில் நாற்பது பிள்ளைகள் என்றால் எட்டு விருந்தினர் போதும். பன்னிரண்டு பேர் வந்திருந்தால் நான்கு பேர் அன்று துணி பார்சலைப் பார்க்கட்டும்.

பாதுகாப்பும் போட்டோவும்

இதைக் கிளம்பும் முன் ஹோட்டலிலேயே இருபது நிமிடம் உட்கார வைத்துச் சொல்லிவிட வேண்டும், வேனில் கூச்சலுக்கு நடுவில் சொல்லக் கூடாது. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. பாத்ரூமுக்கு டீச்சர்தான் கூட்டிப் போவார். மடியில் உட்கார வைப்பது, தூக்கிச் சுற்றுவது கிடையாது. போன் நம்பர், இன்ஸ்டாகிராம் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. தனிப்பட்ட பரிசு, பணம் கிடையாது. "அடுத்த வாரம் வருவீங்களா?" என்று பிள்ளை கேட்டால் "இல்லை" என்று உண்மையைச் சொல்ல வேண்டும். இந்தப் பதிலை மென்மையாகச் சொல்லத் தமிழில் ஒரு வரி பழக்கிவிடுங்கள்.

ஒரு பிள்ளை வீட்டிலோ வெளியிலோ தனக்கு நடந்த கெடுதலைச் சொன்னால், துருவிக் கேட்காமல், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காமல், டீச்சரிடம் உடனே சொல்ல வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு ட்ரஸ்ட் பேசும். பாலியல் குற்றம் என்றால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது ஒவ்வொருவர் கடமை. "கம்பெனி பேர் கெட்டுடும், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தெரிந்தும் சொல்லாமல் விடுவது ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றம்.

போட்டோவுக்கு ஒரே கேமரா, ஒரே ஆள். மற்றவர்கள் போன் பைக்குள். பெற்றோரிடம் அவர்களுக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தாலும், முகம் அடையாளம் தெரியாத கோணம், கைகள், சார்ட், முதுகுப் பக்கம் என்று எடுங்கள். பள்ளி பேட்ஜ், தெருப் பலகை, லொக்கேஷன் எதுவும் வரக் கூடாது. குழந்தைகள் நலக் குழுவின் பராமரிப்பில் இருக்கும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிட்டால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ வரலாம். மையத்தில் அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம், யார் என்று விருந்தினருக்குத் தெரிய வேண்டியதும் இல்லை. பை கொடுக்கும்போது கேமராவைப் பார்க்கச் சொல்லும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். பார்சலை மறுநாள் டீச்சரே கொடுத்தால் போதும்.

வேனைக் காம்பவுண்டு வாசல் வரை கொண்டுபோக வேண்டாம். சந்துக்குள் டெம்போ டிராவலர் மாட்டினால் தெரு முழுக்கக் கூடிவிடும். மெயின் ரோட்டில் நிறுத்தி, மூன்று மூன்று பேராக நடந்து வரட்டும்.

குழு ஊருக்குப் போன பிறகு

ஒரு வாரத்துக்குள் டீச்சர்களோடு மட்டும் உட்காருங்கள், ட்ரஸ்ட் தலைவர் இல்லாமல். எது இடைஞ்சலாக இருந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் அதே குழுவே வரப்போகிறதா, அப்படியானால் அதே மையத்துக்கே வரட்டும். வருடத்துக்கு ஒரு புது ட்ரஸ்ட் என்று மாற்றுவதால் யாருக்கும் எதுவும் மிஞ்சுவதில்லை. வருகைக்குச் சம்மதம் சொல்லும்போதே, ஒரு டீச்சரின் ஒரு வருடச் சம்பளத்தை உங்கள் கம்பெனி ஏற்றுக்கொள்ளும் என்று முடிவெடுத்துவிடுவது நல்லது. சம்பளம் மாதம் ஐந்தாம் தேதிக்குள் ட்ரஸ்ட் கணக்கில் ஏற வேண்டும், வருடக் கடைசியில் மொத்தமாக அல்ல.

பையர் ஆட்களில் தொடர்ந்து உதவ விரும்புகிறவர்கள் எப்போதும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களுக்கு வாரம் ஒருநாள் ஆன்லைன் ஆங்கிலப் பேச்சு வகுப்பு கொடுங்கள். நம்ம மாலை ஆறு மணி என்பது லண்டனில் குளிர்காலத்தில் பகல் பன்னிரண்டரை, கோடையில் ஒன்றரை. பெர்லினில் அதற்கு ஒரு மணி நேரம் கூட. அவர்களுடைய சாப்பாட்டு இடைவேளை நம்ம மைய நேரத்தோடு சரியாகப் பொருந்தும். மையத்தின் லேப்டாப், மையத்தின் கணக்கு, டீச்சர் அறையிலேயே இருக்க வேண்டும், பெரிய திரையில் எல்லோரும் பார்க்கும்படி. இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் ஐரோப்பாவில் கடிகாரம் மாறும். அந்த வாரங்களுக்கு முன்னால் இரண்டு பக்கமும் புது நேரத்தை எழுதி அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் ஒரு மணி நேரம் காலித் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.